கிட்னி டெஸ்ட்டுக்கு ஏன் கையில் ஊசி குத்துகிறார்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் ஒரு லேபில் ரத்தமும் சிறுநீரும் வாங்கி டெஸ்ட் செய்து கொடுப்பது என் வேலை. காலை ஆறரைக்கே ஆட்கள் வெறும் வயிற்றோடு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். கொஞ்ச நாள் முன்பு ஒரு பாட்டா வந்தார், தாத்தாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ரப்பர் பால் வெட்டுகிறவர். இருட்டோடு எழுந்து மரங்களை வெட்டி விட்டுவிட்டு, சிரட்டையில் பால் நிறைகிற நேரத்துக்குள் டெஸ்ட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று வந்திருந்தார். விரல் இடுக்கில் பால் காய்ந்து ரப்பராகவே ஒட்டியிருந்தது. டாக்டர் சீட்டில் கிட்னி டெஸ்ட் என்று இருந்தது. டப்பாவைக் கொடுத்தேன், போய்ச் சிறுநீர் பிடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் நான் கையில் கட்ட நாடாவை எடுத்ததும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கிட்னிக்குள்ள டெஸ்ட்டுக்குத்தான் ஒண்ணுக்கு தந்தாச்சுல்லா மக்ளே, பிறவு எதுக்குக் கையில குத்தணும்?"

வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதையே கேட்கிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு தப்பான படம் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வயிற்றுக்குப் போகும், வயிற்றிலிருந்து ஒரு குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு இறங்கும், நடுவில் கிட்னி ஒரு வடிகட்டி மாதிரி உட்கார்ந்திருக்கும் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், படித்தவர்களும்தான். "நிறையத் தண்ணி குடிச்சா கிட்னி கழுவிவிட்ட மாதிரி ஆயிடும்", "ஒண்ணுக்கு நல்லாப் போகுது, கிட்னிக்கு ஒரு கோளாறும் இல்ல", "பிபி மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடும்" என்ற பேச்சுகளுக்கெல்லாம் இந்தப் படம்தான் வேர். கடைசியாகச் சொன்னதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களின் ரிப்போர்ட்டை நான் என் கையால் டைப் செய்திருக்கிறேன். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயிற்றுக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் எந்தக் குழாயும் கிடையாது. சிறுநீராக வெளியே வருகிற ஒவ்வொரு சொட்டும், அதற்குக் கொஞ்சம் முன்புவரை ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

குடித்த வெள்ளம் எங்கே போகிறது?

விளவங்கோடு பக்கம் குடிக்கிற தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். ஒரு செம்பு சீரக வெள்ளம் குடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வயிற்றைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போகிறது. குடலின் சுவர் முழுக்க மயிரிழையை விட மெல்லிய ரத்தக்குழாய்கள் பரந்து கிடக்கின்றன. தண்ணீரில் பெரும்பகுதி அங்கேயே சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் போய்விடுகிறது, மிச்சத்தில் நிறையப் பெருங்குடல் இழுத்துக்கொள்கிறது. கடைசியில் தங்குகிற சக்கைதான் மலம். மலம் உணவுப்பாதையின் மிச்சம், சிறுநீர் ரத்தத்தின் மிச்சம். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வாசலில் வெளியேறுவதால் ஒரே இடத்தில் உற்பத்தியாகிறது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

ரத்தத்துக்குள் போன தண்ணீர் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. வெயிலில் வேலை செய்தால் ஒரு பங்கு வியர்வையாகப் போகும், மூச்சுக்காற்றில் ஈரமாகக் கொஞ்சம் போகும். ரத்தத்தில் தண்ணீர் கூடுதலாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கிட்னி அதை வெளியேற்றுகிறது. குடித்த அரை மணி, ஒரு மணி நேரத்தில் ஒண்ணுக்கு வருகிறதே, அந்த நேரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

தண்ணீர் மட்டுமா? மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டால், சாளையில் உள்ள புரதம் குடலில் உடைந்து ரத்தத்துக்குப் போகிறது. உடம்பு தேவைக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகும். அது விஷம். கல்லீரல் அதைப் பிடித்து, அவ்வளவு கெடுதல் இல்லாத யூரியாவாக மாற்றித் திரும்ப ரத்தத்திலேயே விடுகிறது. தசைகளும் அவற்றின் அன்றாட வேலையில் கிரியாட்டினின் என்ற கழிவை ரத்தத்தில் விடுகின்றன. லேப் ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கிற யூரியாவும் கிரியாட்டினினும் இவைதான். இவற்றைக் கிட்னி உண்டாக்குவதில்லை. மற்ற உறுப்புகள் ரத்தத்தில் போட்டதைக் கிட்னி பொறுக்கி எடுக்கிறது, அவ்வளவுதான்.

ரத்த ஓட்டத்துக்கு மாத்தூர் தொட்டிப்பாலம்

பேச்சிப்பாறை அணையைப் பார்க்காதவர்கள் நம் மாவட்டத்தில் குறைவு. 1906-இல் கட்டி முடித்தது. கோதையாற்றுத் தண்ணீரைத் தேக்கிப் பெரிய சானலில் விட்டு, அதிலிருந்து கிளைச் சானல், அதிலிருந்து வாய்க்கால், கடைசியில் மடை திறந்தால் வயல். உடம்பிலும் இப்படித்தான். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய் கிளை பிரிந்து பிரிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாயாகிறது. இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. நடுவில் இரண்டையும் இணைக்கிற நுண்ணிய குழாய் தந்துகி.

இதில் தந்துகிதான் முக்கியம். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போனால் பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் கான்கிரீட் தொட்டியில் தண்ணீர் சலசலவென்று போய்க்கொண்டிருக்கும். கீழே நிற்கிற வாழைக்கு அதிலிருந்து ஒரு சொட்டு கிடைக்காது. தொட்டிப்பாலத்தின் வேலை தண்ணீரைக் கடத்துவது மட்டும்தான். தமனியும் அப்படித்தான், கெட்டியான சுவர், உள்ளே ரத்தம் போகும், வெளியே ஒன்றும் கசியாது. கொடுக்கல் வாங்கல் எல்லாம் தந்துகியில்தான். அதன் சுவர் ஒரே ஒரு செல் அளவு மெல்லியது. அங்கேதான் ஆக்சிஜனும் சர்க்கரையும் வெளியே இறங்கும், கழிவு உள்ளே ஏறும்.

சானல் உதாரணம் ஒரு இடத்தில் பொருந்தாது. வயலுக்குப் போன தண்ணீர் அணைக்குத் திரும்பி வருவதில்லை, ரத்தம் திரும்பி வருகிறது. பெரியவர் ஒருவரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் தள்ளுகிறது, அதாவது ஒரு நிமிடத்துக்குள் கிட்டத்தட்ட மொத்த ரத்தமும் ஒரு சுற்று வந்துவிடுகிறது. இது சுற்றித்தான் வருகிறது என்று 1628-இல் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய மருத்துவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் தமனியிலிருந்து சிரைக்கு ரத்தம் எப்படித் தாவுகிறது என்று அவருக்குக் காட்ட முடியவில்லை. 1661-இல் இத்தாலிக்காரர் மார்செல்லோ மால்பிகி மைக்ராஸ்கோப்பில் தவளையின் நுரையீரலைப் பார்த்துத் தந்துகிகளைக் கண்டுபிடித்தார். ஐந்து வருடம் கழித்து அதே மால்பிகிதான் கிட்னிக்குள் ரத்தக்குழாயின் நுனியில் தொங்குகிற குட்டிக் குட்டி முடிச்சுகளைப் பற்றி எழுதினார். ரத்த ஓட்டத்தையும் சிறுநீரையும் சேர்க்கிற முடிச்சு அதுதான். இனி அதற்குள் போவோம்.

இதுவரைக்கும் பார்த்தது: குடித்ததும் தின்றதும் குடல் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. உடம்பின் கழிவும் ரத்தத்தில்தான் சேர்கிறது. அந்த ரத்தம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் கழிவை எடுக்க வேண்டும் என்றால் ரத்தத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

தலைமடையில் இரண்டு கிட்னி

கிட்னி இரண்டும் முதுகுப் பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூடிய கை அளவு, எடை சுமார் 150 கிராம். இரண்டையும் சேர்த்தால் 300 கிராம், உடம்பின் எடையில் அரை சதவீதம் கூட வராது. ஆனால் இதயம் தள்ளுகிற ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இவை இரண்டுக்கும் போகிறது, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேலே. இவ்வளவு சின்ன உறுப்புக்குச் சாப்பாடு போட அவ்வளவு ரத்தம் வேண்டியதே இல்லை. சுத்தம் செய்வதற்காகத்தான் வருகிறது. உடம்பின் பெரிய தமனியிலிருந்தே குட்டையான, அகலமான கிளை ஒன்று நேராகக் கிட்னிக்குள் போகிறது. பெரிய சானலை ஒட்டின தலைமடை வயல் மாதிரி, தண்ணீர் முழு வேகத்தோடு வந்து சேரும்.

ஒவ்வொரு கிட்னிக்குள்ளும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உண்டு. நெஃப்ரான் என்றால் ஒரு வடிகட்டியும் அதோடு சேர்ந்த ஒரு நீளமான வளைந்த குழாயும், ரத்தத்திலிருந்து சிறுநீர் எடுக்கிற மிகச் சிறிய பட்டறை. வடிகட்டி என்று சொன்னேனே, அது மால்பிகி பார்த்த அந்த முடிச்சுதான். தந்துகிகள் நூல்கண்டு மாதிரிச் சுருண்டு கிடக்கும், பெயர் குளோமருலஸ். நான் முடிச்சு என்றே எழுதுகிறேன்.

பாட்டாவுக்கு இதை ரப்பர் பாலை வைத்துத்தான் சொன்னேன். பால் எடுத்து வாளியில் கொண்டுவந்ததும் டிஷ்ஷில் ஊற்றுவதற்கு முன் அரித்து எடுக்கிறார்கள் இல்லையா? பட்டைத் துண்டு, சருகு, ஒட்டுப்பால் எல்லாம் மேலே நிற்கும், பால் கீழே இறங்கும். முடிச்சிலும் அளவைப் பார்த்துத்தான் அரிப்பு நடக்கிறது. சிவப்பணு, வெள்ளையணு, பெரிய புரதங்கள் எல்லாம் ஓட்டைக்குள் நுழையாது, ரத்தத்திலேயே நின்றுவிடும். தண்ணீர், உப்பு, சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எல்லாம் சின்னது, கீழே இறங்கிவிடும். ஒரு வித்தியாசம் உண்டு. ரப்பரில் மேலே நிற்பது குப்பை, கிட்னியில் மேலே நிற்பதுதான் செல்வம். அது அப்படியே ரத்தத்தோடு போய்விட வேண்டும். புரதம் கீழே இறங்கினால் அரிப்பு கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வையுங்கள், டெஸ்ட் பற்றிச் சொல்லும்போது வரும்.

சரி, அரிப்பதற்கு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கிட்னியில் மோட்டார் கிடையாது. இதயம் தள்ளுகிற அழுத்தம்தான், அதாவது நாம் பிபி என்று சொல்கிறோமே, அதுவேதான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. முடிச்சுக்குள் ரத்தம் வருகிற குழாய் அகலம், வெளியே போகிற குழாய் ஒடுக்கம். ஹோஸின் நுனியைக் கட்டைவிரலால் பாதி அமுக்கிப் பிடித்தால் உள்ளே தண்ணீர் முட்டுமே, அந்த மாதிரி முடிச்சுக்குள் ரத்தம் முட்டுகிறது. உடம்பின் மற்ற தந்துகிகளில் இருப்பதை விட இங்கே அழுத்தம் நிறைய அதிகம். அந்த அழுத்தத்தில்தான் தண்ணீர் பிதுங்கி வெளியே வருகிறது.

அதனால்தான் பிபி ரொம்ப இறங்கினால் சிறுநீர் குறைந்துவிடுகிறது. நிறைய ரத்தம் போனவர்கள், வாந்தி பேதியில் வறண்டுபோனவர்கள் இவர்களுக்கெல்லாம் டாக்டர்கள் ஒண்ணுக்கு எவ்வளவு போனது என்று அளந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். அணையில் தண்ணீர் இறங்கினால் மடையில் சொட்டாது.

ஒரு நாளைக்கு இரண்டு கிட்னியும் சேர்ந்து அரித்து இறக்குகிற தண்ணீர் சுமார் 180 லிட்டர். கடையில் வாங்குகிற 20 லிட்டர் கேன் ஒன்பது. ரத்தத்தில் அணுக்களைக் கழித்தால் திரவம் சுமார் 3 லிட்டர்தான் இருக்கும், ஆகவே அதே திரவம் ஒரு நாளில் 60 தடவை அரிப்புக்கு வந்து போகிறது. ஆனால் நாம் கழிக்கிற சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். மிச்சம் 178 லிட்டருக்கு மேல் எங்கே?

வெள்ளையடிக்கிற வீடு

கிறிஸ்மஸுக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது என்ன செய்வோம்? அறையில் இருக்கிற எல்லாச் சாமானையும் முற்றத்தில் தூக்கி வைத்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே எடுத்து வைப்போம். கட்டில் உள்ளே, அலமாரி உள்ளே, அம்மாவின் தையல் மெஷின் உள்ளே. உடைந்த நாற்காலி, பழைய காலண்டர், மூடி இல்லாத டப்பா எல்லாம் முற்றத்திலேயே கிடக்கும், சாயங்காலம் குப்பைக்குப் போகும்.

நெஃப்ரானின் நீளமான குழாயில் நடப்பது இதேதான். முடிச்சில் அரித்து இறங்கின தண்ணீர் இந்தக் குழாய் வழியாகப் போகிறது. முடிச்சை விட்டு வெளியே வந்த அதே ரத்தக்குழாய் மறுபடி தந்துகிகளாகப் பிரிந்து இந்தக் குழாயைக் கொடி மாதிரிச் சுற்றிக்கொள்கிறது. குழாயின் சுவரில் உள்ள செல்கள் தேவையானதை இழுத்து இழுத்துப் பக்கத்தில் ஓடுகிற அந்த ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. சர்க்கரை முழுவதும், உப்பில் பெரும்பங்கு, தண்ணீரில் 99 சதவீதம். இதை மீள உறிஞ்சுதல் என்கிறார்கள். ஒரு ரத்தக்குழாய் முதலில் எல்லாவற்றையும் கொட்டுகிறது, அடுத்த சுற்றில் வேண்டியதை வாங்கிக்கொண்டு, சுத்தமாகி, சிரை வழியாக இதயத்துக்குத் திரும்புகிறது. ரத்த ஓட்டமும் சிறுநீர் மண்டலமும் சேர்ந்து வேலை செய்கிறது என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் எழுதியிருக்கிறதே, அது நடக்கிற இடம் இந்தக் கொடிதான்.

எதற்கு இந்தச் சுற்று வழி, குப்பையை மட்டும் எடுத்து வெளியே போட்டால் போதாதா என்று நானும் படிக்கிற காலத்தில் யோசித்திருக்கிறேன். குப்பையை மட்டும் எடுக்க வேண்டும் என்றால், உலகத்தில் உள்ள எல்லாக் குப்பையையும் கிட்னி அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். போன வருடம் கண்டுபிடித்த மாத்திரையை அதற்கு எப்படித் தெரியும்? எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கிவிட்டால் வீட்டுக்கு வேண்டிய பத்துச் சாமானைத் தெரிந்தால் போதும், தெரியாதது தானாக வெளியே நின்றுவிடும். எத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறையாத இடம் இது. பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்புக்கு மிஞ்சின வைட்டமின் முற்றத்தில் நின்றுவிட்டது, அதுதான். சிலவற்றை, குறிப்பாகச் சில மருந்துகளை, குழாயின் செல்களே ரத்தத்திலிருந்து எடுத்து வெளியே தள்ளுவதும் உண்டு.

சுகர் நோயில் சிறுநீரில் சர்க்கரை வருவதும் இங்கேதான். ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால், திருப்பி இழுக்கிற செல்களுக்குக் கைகொள்ளாது. மிச்சம் சிறுநீரோடு போகும், போகும்போது தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி ஒண்ணுக்கு, அதனால்தான் தாகம். அந்தக் காலத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துச் சுகர் என்று கண்டுபிடித்ததும் இதை வைத்துத்தான்.

கடைசியில் தண்ணீரை எவ்வளவு பிடித்து வைப்பது என்பதை மூளை சொல்கிறது. உடம்பு வறண்டால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் கிளம்பும். ஹார்மோன் என்றால் ரத்தம் சுமந்துபோகிற செய்தி. "தண்ணீரை விடாதே" என்ற அந்தச் செய்தி கிட்னிக்கு வந்ததும் சிறுநீர் குறைந்து, கெட்டியாகி, அடர் மஞ்சளாகிவிடும். மது இந்தச் செய்தியை அடக்கிவிடுகிறது. பீர் குடித்தால் நிறைய ஒண்ணுக்குப் போகிறது, கிட்னி சுத்தமாகிறது என்று சொல்கிறவர்களுக்கு நடப்பது உண்மையில் இதுதான்: வைத்திருக்க வேண்டிய தண்ணீரையும் உடம்பு விட்டுவிடுகிறது.

சுருக்கமாக, முதலில் அழுத்தத்தில் அரிப்பு, பிறகு வேண்டியதைத் திரும்ப எடுப்பது, மிஞ்சினது சிறுநீர். இரண்டு வேலையிலும் மறுபக்கத்தில் நிற்பது ரத்தம்.

கீழ்ப்பக்கம்

இனி உள்ளது குழாய் வேலை. கிட்னியிலிருந்து 25, 30 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர்க்குழாய் ஆளுக்கொன்று கீழே இறங்குகிறது, சுருங்கிச் சுருங்கிச் சிறுநீரைத் தள்ளுகிறது. கல் வந்தால் உயிர் போகிற வலி வருவது இந்தக் குழாயில்தான். கீழே சிறுநீர்ப்பை, அரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும், பாதி நிறைந்ததும் முட்ட ஆரம்பிக்கும். இந்தப் பகுதியில் சுத்திகரிப்பு எதுவும் நடப்பதில்லை. அதனால் ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல் என்றால் பெரும்பாலும் கீழே கிருமித் தொற்று, கிட்னி போய்விட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் தொற்று மேலே ஏறியிருக்கலாம், உடனே காட்ட வேண்டும்.

கிட்னி திருப்பிக் கொடுப்பது

ரத்தம் கிட்னிக்கு வேலை கொடுக்கிறது, கிட்னி கழிவை எடுத்துக் கொடுக்கிறது, அதோடு முடிந்தது என்று நினைத்தால் பாதிக் கதை விட்டுப்போகும். ரத்தத்தில் எவ்வளவு தண்ணீரும் உப்பும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதே கிட்னிதான், அதனால் பிபியின் சாவி அதன் கையிலும் இருக்கிறது. தனக்கு வருகிற ரத்தத்தின் அழுத்தம் குறைந்தால் கிட்னி ரெனின் என்ற பொருளை ரத்தத்தில் விடும். அதைத் தொடர்ந்து உடம்பெங்கும் தமனிகள் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிபி ஏறும். சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்புகிற ஹார்மோனையும் பெரும்பாலும் கிட்னியே தயாரிக்கிறது. கிட்னி கெட்டவர்கள் வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது ரத்தசோகையால். எவ்வளவு கீரை தின்றாலும் அது மட்டும் போதாது, ஏனென்றால் உண்டாக்கச் சொல்ல ஆள் இல்லை.

இப்போது அந்த மெல்லிய முடிச்சை நினைத்துப் பாருங்கள். பிபி பல வருடம் கூடுதலாகவே இருந்தால் இரண்டு கிட்னியிலும் உள்ள 20 லட்சம் முடிச்சுகளும் ராத்திரி பகல் அடி வாங்குகின்றன. தமனிகள் தடித்துக் குறுகும், முடிச்சு ஒவ்வொன்றாகத் தழும்பாகிக் காயும். காய்ந்தது திரும்ப முளைக்காது. முடிச்சு குறைந்தால் உப்பும் தண்ணீரும் வெளியேறுவது குறையும், பிபி இன்னும் ஏறும், மீதி முடிச்சுக்கு இன்னும் அடி. சுகரும் இதே முடிச்சைத்தான் கெடுக்கிறது. நிரந்தரமாகக் கிட்னி கெட்டுப்போவதற்கு முன்னணிக் காரணங்கள் இந்த இரண்டும்தான்.

இந்த இடத்தில்தான் அந்தப் பேச்சு வருகிறது: பிபி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று. மாத்திரை முடிச்சின் மீது விழுகிற அழுத்தத்தைக் குறைக்கிறது. சில வகை பிபி மாத்திரைகள் முடிச்சிலிருந்து வெளியே போகிற அந்த ஒடுக்கமான குழாயையே கொஞ்சம் தளர்த்திவிடும், ஹோஸ் நுனியில் அமுக்கின விரலை எடுத்த மாதிரி. அந்த மாத்திரை ஆரம்பித்த புதிதில் கிரியாட்டினின் ஒரு துளி ஏறலாம். டாக்டர் இரண்டொரு வாரத்தில் டெஸ்ட் எடுக்கச் சொல்வது அதைப் பார்க்கத்தான், பெரும்பாலானவர்களுக்கு அது அங்கேயே நின்றுவிடும். அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "மாத்திர போட்டதும் கிட்னி கெட்டுது பாத்தியா" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்ல, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு வருடம் கழித்துக் கால் வீங்கி வருகிறார்கள். கெடுத்தது மாத்திரை இல்லை, மாத்திரை போடாத அந்த ஒரு வருடம். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போய்க் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயப்பட வேண்டிய மாத்திரை வேறு. முதுகுவலி, மூட்டுவலி என்று மெடிக்கல் ஸ்டோரில் சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் போடுகிற டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் மாதிரி வலி மாத்திரைகள். இவை முடிச்சுக்கு ரத்தம் வருகிற குழாயை இறுக்கிவிடும். மடையை அடைத்த மாதிரி. வயதானவர்கள், பிபி, சுகர் உள்ளவர்கள், வெயிலில் வறண்டுபோய் வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்காமல் தொடவே கூடாது. இன்னொன்று, நம் பக்கம் மரத்தில் காய்த்துத் தொங்குகிற பிலிம்பிக்காய். குழம்பில் ஒன்றிரண்டு போடுவதைச் சொல்லவில்லை. கொழுப்பு குறையும் என்று சாறாகப் பிழிந்து குடிக்கிறார்கள். அதில் ஆக்சலேட் என்ற பொருள் மிக அதிகம், அது கிட்னியின் குழாய்களில் படிகமாகப் படிந்து அடைக்கும். அப்படிக் குடித்துத் திடீரென்று கிட்னி செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரளத்து மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

சரி, ஏன் இரண்டும்?

பாட்டாவின் கேள்விக்கு வருவோம். கிட்னி சுத்தம் செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், சுத்தம் செய்து முடித்த ரத்தத்தில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தசை தினமும் ஏறக்குறைய ஒரே அளவு கிரியாட்டினினை ரத்தத்தில் விடுகிறது, கிட்னி அதை எடுத்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கிற வேகம் குறைந்தால் ரத்தத்தில் அது தேங்கும். அதனால்தான் கையில் ஊசி. அந்த அளவோடு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், நிமிடத்துக்கு எத்தனை மில்லி அரிக்கிறது என்று வரும். ரிப்போர்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர். என்று அச்சடித்திருப்பது அந்தக் கணக்குதான்.

ஆனால் கிரியாட்டினின் சீக்கிரம் காட்டிக்கொடுக்காது. கிட்னியின் திறனில் பாதி போனபிறகுதான் பல பேருக்கு அது தெளிவாக ஏறும். அதற்கு முன்பே அரிப்பில் சின்னக் கிழிசல் விழுந்திருக்கும், ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் கொஞ்சமாகக் கசியும். அதைப் பார்க்கத்தான் டப்பா. கசிவு கூடினால் சிறுநீரில் நுரை அடங்காமல் நிற்கும், கணுக்காலும் முகமும் வீங்கும். தொடக்கத்தில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, டெஸ்ட்டில்தான் தெரியும்.

ஒண்ணுக்கு நல்லாப் போகிறது என்பதை நம்பிக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று இப்போது விளங்கும். தண்ணீர் இறங்கினால் போதாது, கழிவும் அதோடு இறங்க வேண்டும். பாதி கிட்னி போனவருக்கும் தினமும் ஒன்றரை லிட்டர் போகலாம், சிலருக்கு ராத்திரி எழுந்து எழுந்து அதிகமாகவே போகும். பாட்டாவுக்குக் கிரியாட்டினின் 1.1, சரியான அளவுதான். ஆனால் சிறுநீரில் ஆல்புமின் இருந்தது. பிபி பார்த்தே பல வருடம் ஆகியிருந்தது. டாக்டர் மாத்திரை ஆரம்பித்துக் கொடுத்து, கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ரத்தம் மட்டும் எடுத்திருந்தால் ஒன்றுமில்லை என்று அனுப்பியிருப்போம், சிறுநீர் மட்டும் எடுத்திருந்தால் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்திருக்காது.

சிறுநீர் ரத்தத்திலிருந்து வருகிறது என்பதில் இன்னும் யாருக்காவது சந்தேகம் இருந்தால் டயாலிசிஸ் நடப்பதை ஒரு தடவை பார்க்க வேண்டும். 1943-இல் போர் நடந்துகொண்டிருந்தபோது நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், தொத்திறைச்சி அடைக்கிற செலோஃபேன் குழாயை மர உருளையில் சுற்றி, அதற்குள் நோயாளியின் ரத்தத்தை ஓடவிட்டுக் கழிவை வெளியே எடுத்தார். இன்றைய மெஷினிலும் கருத்து அதுதான். மெஷின் சிறுநீர்ப்பையைத் தொடுவதில்லை. கையிலிருந்து ரத்தம் வெளியே வந்து, அரிக்கப்பட்டு, கைக்கே திரும்புகிறது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை, ஆக 12 மணி நேரம். நம் கிட்னி வாரத்தின் 168 மணி நேரமும் வேலை செய்கிறது.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் இரண்டு வருடமாக டயாலிசிஸுக்குப் போகிறார். ஒண்ணுக்குப் போவது நின்றே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போகும்போது எடை பார்ப்பார்கள், வரும்போது இரண்டரை கிலோ குறைந்திருக்கும், அத்தனையும் ரத்தத்திலிருந்து இறக்கின தண்ணீர். நடுவில் ஒரு செம்பு வெள்ளம் கூடுதலாகக் குடித்துவிட்டால் அது போக வேறு வழி இல்லை, ரத்தத்தில் ஏறிக் காலில் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும். இளநீர் கூடக் குடிக்க முடியாது, அதில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் இதயத்தை நிறுத்திவிடலாம். வாசலில் தென்னை நிற்கிறது.

அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஒரு தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், மெஷினுக்கு வேண்டிய வேகத்தில் ரத்தம் கிடைப்பதற்காக. ஃபிஸ்டுலா என்பார்கள். தோலுக்கு மேலே கயிறு மாதிரிப் புடைத்துத் தெரியும். "தொட்டுப் பாரு" என்று ஒருநாள் கையை நீட்டினார். விரல் வைத்தேன், உள்ளே வண்டு இரைகிற மாதிரி ஒரு அதிர்வு, விடாமல். அந்தக் கையில் பிபி பார்க்கக் கூடாது, ஊசி குத்தக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. மாதாமாதம் டெஸ்ட்டுக்கு வரும்போது வலது கையைத்தான் முன்னே நீட்டிக்கொண்டு உட்காருவார்.